பெர்னடெட் அறுத்துப் பார்த்த தூண்டில் தடி

யாழ்ப்பாணத்துக் குருநகர் இறங்குதுறைக்குப் பக்கத்துப் படகுப் பட்டறையில் வேலை செய்கிற ஆறு பேரில் பெர்னடெட் மட்டும்தான் பெண். வயது நாற்பத்திமூன்று. வெடித்த, ஓட்டை விழுந்த பைபர் படகுகளை ஒட்டிச் சரிசெய்வது அவளுடைய வேலை. சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அங்கே படகு திருத்தப் பயிற்சி கொடுத்தது. பயிற்சிக்கு வந்த ஆண்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றத்தான் அவளை எடுத்தார்கள். மூன்றாம் நாள் பைபர் ஒட்டுகிற றெசின் பசை வாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இறுக வைக்கிற மருந்து கூடிப்போச்சு என்று சொன்னாள். ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாளி புகைந்து கல்லாகியது. நான்காம் நாள் பயிற்சிக்காரர் தேத்தண்ணீர்க் கேத்தலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவளுடைய கையில் ஒரு சோடி கையுறையை வைத்தார்.

அவளுடைய கணவன் பேதுரு கடலில் வளர்ந்தவன். ஆழம் குறைந்த பரவைக்கடலில் சத்தமில்லாமல் கோல் ஊன்றிப் படகு தள்ளுவதில் அவனுக்கு நிகர் குறைவு. கரையில்தான் அவனுக்குக் கை தவறும். கண்ணாடிக் கிளாஸ், குடை, கைத்தொலைபேசி என்று அவன் உடைத்ததும் தொலைத்ததும் வீட்டில் தெரிந்த விசயம். அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பேதுருவைப் படகு தள்ளக் கூட்டிக்கொண்டு போனவன் பாசையூர் றஜிந்தன். யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியில் வேலை செய்தபோது வெளிநாட்டு விருந்தாளி ஒருவரிடமிருந்து அவன் ஒரு புதுவிதமான தூண்டிலைப் பழகினான். பிளை றொட் என்பார்கள். கொளுவி என்கிற தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய் இரை, பாரமெல்லாம் கயிற்றில்தான், தடி மெல்லிசாக வளைந்து வளைந்து கயிற்றை வீசும். இதற்கென்றே வெள்ளைக்காரரும் வெளிநாட்டில் இருக்கிற எங்கடை ஆட்களும் வருகிறார்கள். றஜிந்தன் விடுதி வேலையை விட்டுவிட்டு, அவர்களை மண்டைதீவுப் பக்கத்துப் பரவைக்கடலுக்குக் கூட்டிப்போய்ப் பாரை மீன் பிடிக்க வைக்கத் தொடங்கினான். விருந்தாளிகளுக்கென்று பேர் பெற்ற ஒரு கம்பனியின் தடிகள் இரண்டு வாங்கி வைத்திருந்தான். நாலு துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற கார்பன் தடிகள். ஒன்றின் விலைக்கு நல்ல நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம். வாழ்நாள் உத்தரவாதம் என்று பெட்டியில் பொன்னெழுத்தில் அடித்திருந்தது.

மாசி மாதம் ஒருநாள் காலை, நோர்வேயிலிருந்து வந்த ஒரு பல்வைத்தியரின் கொளுவியில் பெரிய பாரை ஒன்று பிடித்தது. மீன் ஓடியது, தடி வளைந்தது, பட்டென்று முறிந்தது. அடியிலிருந்து இரண்டாம் துண்டு, பொருத்துகிற இடத்திலேயே. மீன் போய்விட்டது.

அன்று விடியப் படகுக்குள் சாமான் ஏற்றும்போது தடியைத் தளத்தில் கிடத்திவிட்டு அதைத் தாண்டி முன்னும் பின்னும் நடந்தவன் பேதுரு. றஜிந்தனுக்கு அது நினைவு வந்தது.

"பேதுரு அண்ணை, நீங்கள்தான் மிதிச்சிருக்கிறியள்."

"நான் மிதிக்கேல்லைத் தம்பி. தாண்டித்தான் போனனான்."

"அப்ப தானா முறிஞ்சதே? இது என்ன விலை எண்டு தெரியுமே உங்களுக்கு?"

விருந்தாளி பார்த்துக்கொண்டிருக்கப் பேதுரு படகைக் கரைப்பக்கம் திருப்பினான். கரை வரும்வரை கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். அடுத்த நாள் றஜிந்தன் அவனைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

வீட்டில் விசயத்தைக் கேட்ட பெர்னடெட் அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டாள். "ஒரு சாமானை வைச்சால் அதைச் சுத்திப் போகத் தெரியாதே உங்களுக்கு?"

"நான் மிதிக்கேல்லை" என்று பேதுரு இன்னொருமுறை சொன்னான். கிழமை முடிவதற்குள் ஒரு நண்டுப் படகில் சேர்ந்துவிட்டான்.

றஜிந்தன் முறிந்த தடியைப் படமெடுத்துக் கம்பனிக்கு அனுப்பினான். பதில் பத்து நாளில் வந்தது. அடிபட்டோ நெரிபட்டோ முறிந்திருக்கிறது, அப்படிப்பட்ட சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருந்தார்கள். தான் நினைத்தது சரிதான் என்று றஜிந்தனுக்குப் பட்டது. வேறு வழியில்லாமல் தடியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, பெர்னடெட்டின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, இதை ஒட்டித் தர ஏலுமே?"

"வைச்சிட்டுப் போம். காசு ஒண்டும் வேண்டாம்." கணவனின் பிழைக்குத் தான் ஈடு செய்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

அவ்வளவு மெல்லிய குழாயில் அவள் அதுவரை வேலை செய்ததில்லை. உள்ளே ஒரு துண்டுக் கண்ணாடிநார்க் கோல் செருகி, வெளியே நூல் சுற்றி, றெசின் பூசி இரண்டு நாள் காயவிட்டாள். வேலை செய்யும்போது தடியின் மற்றக் குறைகளும் கண்ணில் பட்டன. கயிறு போகிற வளையங்களின் கால் துருப்பிடித்து, மேலே பூசியிருந்த மினுக்கத்துக்குள்ளால் மண்ணிறமாகக் கசிந்திருந்தது. கைபிடியில் தக்கையின் ஓட்டைகளை ஏதோ பசையால் அடைத்திருந்தார்கள், அது உதிர்ந்தது. இரண்டு மாதம் உப்புத் தண்ணீர் பட்ட தடி. 'கடலுக்கெண்டு செய்தது' என்று அதன் உறையிலேயே எழுதியிருந்தது.

பங்குனியில் இரண்டாவது தடியும் முறிந்தது. அதே துண்டு, அதே இடம். அந்தமுறை தடியைப் பிடித்திருந்தவன் றஜிந்தன். படகில் பேதுரு இல்லை.

றஜிந்தன் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது பெர்னடெட் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு முறிவுக்குப் பக்கத்தில் நகத்தால் சுரண்டினாள். கார்பன் நார்கள் தலைமயிர் போலக் கிளம்பி வந்தன.

"தம்பி, இதை நான் அறுக்கவேணும்."

"ஐயோ அக்கா, அறுத்தால் உத்தரவாதம் போயிடும்."

"இருக்கிற மாதிரியே கதைக்கிறீர்?"

றஜிந்தன் தலையாட்டினான். அவள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுவிட்டு, மெல்லிய வாளால் முறிந்த துண்டை வெண்டிக்காய் அரிகிற மாதிரி வளையம் வளையமாக அறுத்தாள். பக்கத்துக் கடைசல் பட்டறையில் அளவுக்கருவி வாங்கி வந்து ஒவ்வொரு வளையத்தையும் சுற்றிச் சுற்றி அளந்தாள். குழாயின் ஒரு பக்கத்துச் சுவர் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. எதிர்ப்பக்கம் அதில் பாதிதான். மெலிந்த பக்கத்தை அரத்தால் தேய்த்து மினுக்கியதும் தெரிந்தது. அந்தப் பக்கத்திலேயே பசை போகாத ஒரு காய்ந்த கீற்று.

"இஞ்சை பாரும். இவ்வளவு இடமும் றெசின் குடிக்கேல்லை. படகிலை இப்பிடி விட்டால் முதல் அலைக்கே வெடிக்கும்."

"ஆரும் மிதிச்சாலும் இப்பிடித்தானே உடையும்?"

பெர்னடெட் அறுத்ததில் மிச்சமிருந்த நல்ல பகுதியொன்றைச் சீமெந்து நிலத்தில் வைத்துக் குதிக்காலால் மிதித்தாள். நெரிகிற சத்தம் கேட்டது. எடுத்துக் காட்டினாள். குழாய் சப்பையாகி, இரண்டு கரையிலும் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. இந்த முறிவிலும், றஜிந்தன் கம்பனிக்கு அனுப்பிய படத்தில் இருந்த முதல் தடியின் முறிவிலும் அப்படி இல்லை. குழாய் வட்டமாகவே இருந்தது. ஒரு பக்கம் மட்டும் விரிந்து பிளந்திருந்தது.

றஜிந்தன் சப்பையான துண்டைக் கையில் வைத்துப் பிரட்டினான். "அப்ப பேதுரு அண்ணை..."

"ஓம். அவர் மிதிக்கேல்லை." வாளைத் துடைத்துக்கொண்டே, "நானும் உம்மைப் போலத்தான். நானும் அவரைத்தான் பேசினனான்" என்றாள்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனபோது பேதுரு முற்றத்தில் குந்தியிருந்து வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் குந்தி வலையின் மற்றத் தலைப்பை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ. அந்தத் தடி தானாத்தான் முறிஞ்சிருக்கு. செய்த இடத்திலை பிழை."

"அதைத்தானே அண்டைக்குச் சொன்னனான்."

"நான் நம்பேல்லை."

"என்ரை வாய்ச்சொல் உனக்குக் காணாது. வாளாலை அறுத்துப் பாக்கவேணும்." பேதுரு சத்தமாகச் சொல்லவில்லை. நண்டின் காலைச் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னான்.

இத்தனை வருசத்தில் அவன் உடைத்ததையெல்லாம் உடைத்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறான், ஒருநாளும் ஒளித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "பிழைதான்" என்றாள். இருவருமாக வலையை முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கோவில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருக்கும்போது றஜிந்தன் வந்தான். பேதுருவைத் தனியாக ஒதுக்கிக் கூப்பிடவில்லை. விருந்தாளிக்கு முன்னால் ஏசியதால் ஊராட்களுக்கு முன்னாலேயே சொல்ல நினைத்திருக்கிறான். "அண்ணை, தடி பழுதுத் தடி. நான் உங்களைப் பேசினது பிழை. நாளைக்கு வாங்கோ" என்றான்.

"சொன்னது சந்தோசம் தம்பி. ஆனா நான் இப்ப நண்டுக்குப் போறன். உந்தப் படகுக்காரர் நான் வருவன் எண்டு நம்பித்தான் வலை பங்கு பிரிச்சிருக்கினம்" என்றான் பேதுரு. கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. றஜிந்தனுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கம்பனியோடு இழுபறி ஆவணி வரைக்கும் போனது. அறுத்த வளையங்களை அளவுக்கருவியோடு படமெடுத்து, பெர்னடெட் தமிழில் சொல்லச் சொல்ல றஜிந்தன் ஆங்கிலத்தில் எழுதினான். முதல் மூன்று கடிதத்துக்கும் பழைய பதிலே வந்தது. நாலாவதை ஒரு பொறியியலாளர் படித்திருக்க வேண்டும். வளையங்களைத் தபாலில் அனுப்பச் சொன்னார். கடைசியில் இரண்டு புதுத் துண்டுகள் வந்தன.

"பிழை எண்டு எழுதியிருக்கினமே?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"இல்லை அக்கா. நல்லெண்ணத்திலை தாறம் எண்டு எழுதியிருக்கினம்."

"எங்கை, அவையின்ரை நல்லெண்ணத்தையும் ஒருக்கா அளந்து பாப்பம்."

குழாய் வாயின் சுவரை நாலு பக்கமும் அளந்தாள். ஒரு துண்டு சரி. மற்றதில் ஒரு பக்கம் மெலிவு. அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றாள். பொருத்துகிற இடத்தில் மெல்லிய கண்ணாடிநார் நூலை நெருக்கமாகச் சுற்றி றெசின் பூசினாள். கயிறு போகிற வளையங்களையும் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்பக் கட்டினாள். தடி முந்தியதைவிடக் கொஞ்சம் பாரம். வீசுகிறபோது தெரிகிறது என்று றஜிந்தன் முறைப்பட்டான். ஆனால் முறியவில்லை. அடுத்த வருசம் பல்வைத்தியர் திரும்ப வந்து அதே தடியால் ஏழு கிலோப் பாரை ஒன்று பிடித்தார்; படமெடுத்துவிட்டுக் கடலில் விட்டார். அவ்வளவு மீனை ஏன் விட்டவர் என்று பெர்னடெட்டுக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது திருகோணமலையிலும் கற்பிட்டியிலும் இந்தத் தொழில் செய்கிறவர்கள் புதுத்தடி வாங்கினால், விருந்தாளி கையில் கொடுக்குமுன் அவளிடம் அனுப்புகிறார்கள். அவள் பத்தில் மூன்றை ஏதோ ஒரு குறை சொல்லித் திருப்புகிறாள். விலை கூடினதுக்கும் சுவர் தடிச்சதுக்கும் சம்பந்தமில்லை என்பது அவளுடைய முடிவு. பட்டறை முதலாளி அவளுக்கென்று யன்னல் ஓரத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்.

தடிகள் பஸ்ஸில்தான் வரும். கடலுக்குப் போகாத நாட்களில் பேதுரு பஸ் நிலையத்துக்குப் போய் எடுத்துவருகிறான். நீளப் பெட்டிகளைச் சைக்கிளின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டி, சந்தை நெரிசலுக்குள் சைக்கிளில் ஏறி ஓடாமல், ஆஸ்பத்திரி வீதியில் உருட்டிக்கொண்டே வருவான்.