ஸ்கேன் அறை வாசலில் ஒரு கேலி

“...படுத்தா மூச்சு அடைக்குதுங்க தம்பி, செவுத்துல சாஞ்சு ஒக்காந்துதான் கண்ணசர்றேன். இந்த மிசினு என்னத்தங்க காட்டும்?” என்று அந்த அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பதில் சொல்லவில்லை. கேலி செய்தேன். அந்தக் கேலியால் அவர் வைத்தியம் பார்க்காமலே திரும்பிப் போனார். இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில், மைசூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில், ஸ்கேன் அறை வாசலில் பெயர் கூப்பிடும் வேலை எனக்கு. பள்ளிப்படிப்பு குறைவு, வாய்தான் பிழைப்பு. பெஞ்சில் காத்திருப்பவர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் சிரிக்க வைப்பேன். அவர்கள் உதிர்க்கும் பேச்சை ரசித்து மனத்தில் வைத்துக்கொள்வேன்.

அப்போது ஸ்கேன் என்றாலே வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பது என்றுதான் சனம் நினைத்தது. எங்கள் டாக்டரம்மாவோ மூச்சிரைப்புக்காரர்களின் முதுகிலும் அந்தக் கருவியை வைத்துப் பார்ப்பார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். அந்த இடம் பார்த்து ஊசியால் நீரை இறக்கினால், வந்தவர் அங்கேயே நன்றாக இழுத்து மூச்சு விடுவார். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சொல்லத் தெரியாமல் இல்லை எனக்கு!

அந்த அக்கா தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். கணவர் இறந்துவிட்டதைச் சற்றுமுன் அவரே சொல்லியிருந்தார். பெஞ்சு நிறையக் கர்ப்பிணிகள். பக்கத்தில் இருந்தவள் அவரோடு சித்தாள் வேலை செய்பவள்.

“இங்க எல்லாரும் எதுக்கு வர்றாங்களோ அதுக்குத்தான் அக்கா. எத்தன மாசம்னு மிசினே சொல்லிரும்” என்றேன்.

பெஞ்சே சிரித்தது. அந்தச் சித்தாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சாயங்காலத்துக்குள் அவர் வேலை செய்யும் கட்டடம் முழுக்கப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு ஏன் தெரியவில்லை?

அவர் எங்கே என்று டாக்டரம்மா கேட்டபோது, ஊசிக்குப் பயந்து எழுந்து போய்விட்டார் என்று கூசாமல் சொன்னேன். தெருவுக்கு ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்... மூச்சு வாங்குகிறவர் எவ்வளவு தூரம் போயிருப்பார்? ஓடினால் காரணம் சொல்ல வேண்டிவரும். நல்லவன் என்று எனக்கிருந்த பெயர் பெரிதாகப் பட்டது.

அவர் மறுபடி வரவில்லை. இருக்கிறாரா என்றும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காததும் பயத்தினால்தான்.

அன்று பெஞ்சின் சிரிப்பு அடங்குமுன் அவர் எழுந்தார். சுவரைப் பிடித்தபடியே வாசல்வரை நடந்தார். பெயர்ச்சீட்டை என் ஸ்டூலின் மேல் வைத்தார். நின்று மூச்சு வாங்கினார். பிறகு முந்தானையை இழுத்து வயிற்றை மூடிச் செருகிக்கொண்டு, படி இறங்கினார்.