எல்லை தாண்டாத தாய்மாமன்

தோடம்பழத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதில் ஒட்டியிருக்கிற குட்டி ஸ்ரிக்கரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வாசிக்கிறார் தியாகலிங்கம். ரொறன்ரோவிலே, வோபர்னில் இருக்கிற தமிழ்க் கடை. சனிக்கிழமைச் சனம் தள்ளுவண்டிகளோடு பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. "உது அவன்ரை," என்று ஒன்றைத் திருப்பி வைக்கிறார். "உதுவும் அவன்ரைதான்." மொரோக்கோ ஒரேஞ்சு ஒன்று அகப்பட்டதும் முகம் மலர்கிறது. அது புளிக்கும் என்று அவர் மனைவி தவமணிக்குத் தெரியும். போன கிழமையும் புளித்தது. தின்று முடித்தவள் அவள்தான்.

'அவன்' என்றால் அமெரிக்கா. வரி போடுகிற பேச்சும், கனடாவைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளுகிற பேச்சும் எல்லைக்கு அங்காலிருந்து வரத் தொடங்கியபோது ரொறன்ரோவில் பாதிப் பேர் இப்படி ஸ்ரிக்கர் வாசித்தார்கள். கொஞ்ச மாதத்தில் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். தியாகலிங்கம் விடவில்லை. மற்றவர்களுக்கு அது இந்தக் காலத்துச் சங்கதி. அவருக்கு அது ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டிலே அமெரிக்கா கனடாவுக்குள் படையோடு வந்த நாளிலிருந்து தீராத வழக்கு.

இந்த வருத்தம் அவருக்குக் குடியுரிமைச் சோதனைக்குப் படித்த காலத்தில் தொற்றியது. மற்றவர்கள் சோதனை முடிந்த கையோடு புத்தகத்தைத் தூக்கிப் போட்டார்கள். இவர் நூலகத்துக்குப் போய் அடுத்த புத்தகத்தை எடுத்தார். பிறகு அதற்கடுத்தது. அந்தக் காலத்து அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் என்ன சொன்னார், அடுத்து வந்த மடிசன் ஏன் சண்டைக்குப் போனார் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவார். மல்வேர்னில் பதினைந்து வருசமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிற மனிதருடைய பெயர் மட்டும் இன்றுவரை தெரியாது.

அமெரிக்கா பெருத்த கதையை அவர் காணிக் கதையாகத்தான் சொல்லுவார். "பிரெஞ்சுக்காரன் லூசியானாவை வித்தவன், இவங்கள் வாங்கினவங்கள். சரி. ஆனால் காணி உறுதியிலை எல்லையை ஒழுங்காய் எழுதேல்லை, கண்டியளோ. எல்லை எழுதாத காணியை ஒருத்தன் ஏன் வாங்குறான்? பிறகு வேலியை அரக்கத்தான். முதல் மேற்குப் புளோரிடாப் பக்கம் அரக்கினவங்கள். பிறகு வடக்கைப் பார்த்தவங்கள்." இரவோடிரவாக அயலான் காணிக்குள் வேலி அரக்குவது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தானுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. கேட்கிறவர்களும் ஓமோம் என்று தலையை ஆட்டிவிடுவார்கள். அங்கேதான் பிழை விடுவது. உடனே சாப்பாட்டு மேசையில் மீன்குழம்புச் சட்டி ஒன்ராறியோ வாவியாகும், பருப்புக் கோப்பை நயகராவாகும், சண்டை முடியும்வரை ஒருவருக்கும் பருப்பு கிடையாது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் எல்லாரும் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போவார்கள். இவர் அதிவேக வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கிடக்கிற, அந்தச் சண்டை நடந்த பழைய கோட்டைக்குக் கூட்டிப்போவார். "இங்கிலாந்துக்காரன் விட்டிட்டுப் போகேக்கை வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்திப்போட்டுப் போனவன். கல்லுப் பறந்துவந்து அமெரிக்கன்ரை ஜெனரலே செத்தவன். பிறகு அவங்கள் எங்கடை பாராளுமன்றத்தை எரிச்சவங்கள்." பாரிசிலிருந்து வந்த தவமணியின் தமக்கை, முழங்கால் வருத்தக்காரி, குளிர்காற்றிலே நின்று இதை முழுக்கக் கேட்டுவிட்டு, நயகராவைக் காணாமலே விமானம் ஏறினாள். "உன்ரை மனுசனுக்கு விசரோடி?" என்று போய் இறங்கியதும் போன் எடுத்தாள். தவமணியால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

இதிலே பெரிய பகிடி அவருடைய வேலை. ஒஷாவாவிலே கார் சீற் செய்கிற பக்ரறியில் தையல் சரிபார்க்கிறவர் அவர். அந்த சீற்றுகளில் முக்கால்வாசி பாலம் தாண்டி அவனிடம்தான் போகிறது. தவமணி இதை ஒருநாள் கேட்டும் விட்டாள். "அது யாவாரம். இது மானம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டார். அந்த மானத்துக்காக அமெரிக்க மண்ணை இனி மிதிப்பதில்லை என்று சபதமும் எடுத்திருந்தார். எடுக்கட்டும், அங்கே என்ன கிடக்கிறது என்று அவளும் பேசாமல் இருந்தாள்.

அங்கே அருள்மலர் கிடந்தாள். தியாகலிங்கத்தின் ஒரே தங்கை, நியூ ஜேர்சியில் குடும்பத்தோடு இருக்கிறவள். அவளுடைய மூத்தவன் ஜனார்த்தனுக்குக் கலியாணம் பொருந்தியது. கலியாணத்தன்று மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லுமாய்ப் பாலறுகு வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன். இருப்பதோ ஒரே ஒரு தாய்மாமன். அந்தத் தாய்மாமன், "நான் எல்லை தாண்டமாட்டன்," என்று நிற்கிறார்.

நேரே அப்படிச் சொல்லவில்லை. முதலில் முறை கதைத்தார். "ரெலிபோனிலை சொல்லுறது ஒரு சொல்லோ? தாய்மாமனுக்கு வீட்டை வந்தெல்லோ சொல்லவேணும்." தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மச்சாளுக்குப் போன் போட்டாள். "வந்து சொல்லுங்கோ மச்சாள். வாசலிலை வந்து நிண்டால் மனுசனுக்குப் போக்கிடம் இல்லை." அருள்மலரின் கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அருள்மலர் தனியே விடியப் புறப்பட்டு, ஒரு பகல் முழுக்கக் கார் ஓடிக்கொண்டு, கலியாண அழைப்புக் காட்டோடும் பலகாரத்தோடும் வந்து இறங்கினாள்.

போக்கிடம் இல்லாத மனுசன் எங்கே போவார்? ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டுக்குப் போனார். காட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, லூசியானாவில் தொடங்கி, உறுதி, எல்லை, வேலி எல்லாம் சொல்லி, நடந்து வந்தாலே கனடாவைப் பிடிக்கலாமென்று ஜெபர்சன் நினைத்ததையும் சொல்லி முடித்தார். அருள்மலர் களைத்துப்போய், தேத்தண்ணியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் வாய் தவறியது.

"உங்கடை ஆக்கள்தானே பிள்ளை, எங்கடை பாராளுமன்றத்தை எரிச்சவங்கள்."

அருள்மலர் கோப்பையை மெல்ல வைத்தாள்.

"ஊரிலை எங்கடை வீட்டை எரிச்சது ஆரெண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ அண்ணை? அந்தப் புகைக்குள்ளாலை என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினது நீங்கள். அப்ப நான் உங்கடை ஆள். இப்ப நான் அமெரிக்கனோ?"

தியாகலிங்கம் மேசையில் கிடந்த காட்டை எடுத்து, பிரிக்காமல், திரும்பவும் நேராக வைத்தார்.

"நீங்கள் வராட்டில் என்ரை மனுசன்ரை ஒண்டுவிட்ட தம்பி பொஸ்ரனிலை இருக்கிறார்," என்றாள் அருள்மலர். "அவர் மாமன் முறையில்லை. என்ன செய்யிறது, தண்ணி வார்க்க ஒரு கை வேணும்தானே." அழவில்லை. அதுதான் தவமணிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் தவமணி. "இவ்வளவு காலம் உங்கடை கதையைக் கேட்டதுக்கு எனக்கும் ஒண்டு மண்டையிலை நிண்டிருக்கு. ஒருத்தரோடையும் யாவாரம் வேண்டாமெண்டு அந்த ஜெபர்சன் தன்ரை கப்பல் எல்லாத்தையும் துறைமுகத்திலை கட்டிவைச்சவரெல்லோ. ஆர் நட்டப்பட்டது? இங்கிலாந்துக்காரனோ? ஜெபர்சன்ரை சொந்தச் சனம். நீங்கள்தான் சொன்னனீங்கள். தன்ரை மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை எண்ட கதை."

சரித்திரத்தை ஒருவர் பாதியில் விட்டால் அவருக்குப் பொறுக்காது. பழக்கத்திலே வாய் தானாகத் திறந்தது. "அதை அவங்கள் ஒண்டேகால் வருசத்திலை எடுத்துப்போட்டாங்கள்."

"பாத்தியளோ," என்றாள் தவமணி. "அவங்களுக்கே விளங்கியிட்டுது."

அருள்மலர் எழும்பினாள். இரவு தங்கிப் போகச் சொல்லிக் கெஞ்சியும் கேட்கவில்லை, மிசிசாகாவிலும் ஒரு வீட்டுக்குச் சொல்லவேணும் என்றாள். தவமணி பலகாரப் பெட்டிக்குள் பருத்தித்துறை வடையைப் போட்டுக் கொடுத்துக் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டு, குசினிக்குள் வந்து, குடிக்காத தேத்தண்ணியை ஊற்றிக் கோப்பையைக் கழுவினாள். எரிச்சலிலே கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினாள். சரித்திரம் படித்த மனுசனுக்கு வாழ்க்கைப்படுவதிலும் பார்க்கக் குடிகாரனுக்கு வாழ்க்கைப்படலாம், அவனுக்கு விடிந்தால் வெறி முறியும்.

யன்னலால் பார்த்தால், வீட்டுச் செருப்போடு, ஜக்கற்றும் போடாமல், மனுசன் வெளியே போய், இன்னும் புறப்படாத அருள்மலரின் காரடியில் நிற்கிறார். வாய் அசைகிறது. மிச்சச் சரித்திரத்தைச் சொல்லப் போய்விட்டார். பிறகு இங்கிலாந்துக்காரன் போய் வாசிங்டனை எரித்தது ஒன்று பாக்கி இருக்கிறதே. ஈரக் கையோடு யன்னலை உயர்த்தினாள், தான் ஏசப்போவதை இண்டைக்கு ஊரே கேட்கட்டும் என்று.

"ஜனார்த்தன் இப்ப என்ன உயரம் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டு நின்றார் தியாகலிங்கம்.

"ஆறடிக்கு மேலை, அண்ணை." காருக்குள்ளிருந்து அருள்மலரின் குரல் வந்தது.

அவர் அந்தக் குளிருக்குள், செருப்பின் நுனியில் எம்பி நின்று, வெறுங்கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னும் கொஞ்சம் தூக்கி, தண்ணீர்ச் செம்பைச் சரிக்கிறமாதிரி மெதுவாகச் சரித்துப் பார்த்தார்.