ஒட்டுப் போட்ட பாட்டு

என் தங்கை நாகஜோதி ஜெயித்தவை: ஒரு குக்கர், ஒரு சுவர்க் கடிகாரம், ஹெல்பராகச் சேர்ந்து மூன்றே வருடத்தில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைக்கிற வேலை, அப்புறம் அவள் மேல் விழுந்த ஒரு பழி. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தபோது நான் எட்டாவது முடித்திருந்தேன். அவளுக்கு ஆறு வயது. நாங்களெல்லாம் கம்பெனிக்குப் போக, கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டில் இருந்தாள். பின்னால் வேலைக்கு வந்தபோதும் சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான்.

எங்கள் பனியன் கம்பெனியின் தையல் ஹாலில் நாள் முழுக்க ஸ்பீக்கரில் பழைய சினிமாப் பாட்டு ஓடும். மிஷின் சத்தத்தில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதில்லை. நாகஜோதி ஒரு பாட்டையும் விடமாட்டாள். கேசட் போடுவது டைம்கீப்பர் கிட்டுசாமி.

2004 ஆயுத பூஜை. மிஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்து, பொரி கொடுத்த பிறகு மேனேஜர் ஆறுமுகசாமி ஒரு போட்டி வைத்தார். எழுபது, எண்பதுகளில் ஊரே பாடிய பாட்டுகள். முன்னிசையை மட்டும் போடுவார். முதல் வரியைத் தாளில் எழுத வேண்டும். நானும் போட்டியில் இருந்ததால் தங்கைக்கு எழுதிக் கொடுக்க விடவில்லை. கிட்டுசாமி தானாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அவளுக்கு எல்லாமே சரி. இரண்டாவதாக வந்த சாரதாமணி எழுந்தாள்.

"ஏனுங்க சார், பாட்டுப் போடறவரே பதிலும் எழுதுனா எப்படிங்க?"

"அந்தப் புள்ள சொன்னதத்தானுங்க எழுதுனேன்" என்றான் கிட்டுசாமி.

"யாரு சொன்னது, யாரு எழுதுனதுன்னு யாருக்குங்க தெரியும்? உங்க ரூமு நெறையா கேசட்டாமா. அங்க உக்காந்து கேட்டுப் பழகியிருக்கும்."

பின்வரிசையில் சிரித்தார்கள். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அந்தச் சிரிப்பு பொழுது சாய்வதற்குள் எங்கள் லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிடும். கிட்டுசாமியைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். இவன் எதற்குக் குனிகிறான் என்று எனக்கே உறுத்தியது.

மேனேஜர் அவனை வெளியே அனுப்பிவிட்டு, வேறொரு பையனை எதிர் டீக்கடையிலிருந்து ஒரு கேசட்டை வாங்கிவரச் சொன்னார். நாகஜோதி நடு ஹாலில் நின்று ஒவ்வொரு பாட்டாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அதுவும் ரூம்ல கேட்டதா இருக்கும்ங்க" என்றாள் சாரதாமணி.

தெரியாமல் நின்றால் அவன் சொல்லிக் கொடுத்தது. தெரிந்து சொன்னால் அவன் ரூமில் கேட்டது.

மேனேஜர் இன்னொரு பாட்டைப் போட்டார். படகில் ஒருத்தி காதலனை நினைத்து அழுகிற பாட்டு. முதல் சரணத்தோடு நிறுத்தினார். "மீதிய நீ பாடு கண்ணு."

"வேண்டாம்ட்டி, வா வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"நீ சும்மா இரு அக்கா. நான் பாடுதேன்."

அழுகிற குரலில் ஆரம்பித்தாள். இரண்டாவது சரணத்தில் பாதி வரி பாடியவள், மூச்சுக்கூட விடாமல், மாப்பிள்ளையைக் கேலி செய்கிற கல்யாணப் பாட்டுக்குத் தாவினாள். மேனேஜர் விழித்தார். ஆனால் அவள் தையல் வரிசையில் இருந்த டெய்லர்கள் எல்லாரும் அதே இடத்தில் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். சாரதாமணியும் தலையாட்டிப் பாடினாள்.

"நிறுத்துங்க! படகுல அழுதவ எப்படிக் கல்யாண ஊட்டுக்குப் போனா?"

"பாட்டே அப்படித்தான சார்" என்றாள் நாகஜோதி.

"ஆமாங்க, அப்படித்தானுங்க" என்றாள் சாரதாமணி.

மேனேஜர் டீக்கடைக் கேசட்டை மேலே ஓடவிட்டார். படகுக்காரி கடைசிவரை அழுதாள். கல்யாணம் வரவே இல்லை. கிட்டுசாமியை உள்ளே கூப்பிட்டார்.

"நம்ம ஹால் கேசட்டுல டேப்பு சிக்கிப் போச்சுங்க சார். கசங்குனத வெட்டிட்டு ஒட்டிப்போட்டனுங்க. நடுவுல ரெண்டு பாட்டும் பாதி போயிருச்சு. வைவீங்கன்னு சொல்லலீங்க. என்ற ரூம்ல இருக்கறதுல இது முழுசா இருக்குதுங்க."

அவன் குனிந்தது இதற்குத்தான். அவன் ரூமில் கேட்டிருந்தால் அவளுக்கு முழுப்பாட்டும் தெரிந்திருக்கும்.

மேனேஜர் திரும்பினார். "ஏம்மா சாரதாமணி, நீ எந்த ரூம்ல கேட்ட?"

ஹால் முழுக்கச் சிரித்தது. சாரதாமணி உட்கார்ந்துவிட்டாள். முதல் பரிசான குக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வரும் வழியில் நாகஜோதி ஒன்றுதான் சொன்னாள்: "இனிமே எனக்கு எழுத எவன் கையும் வேண்டாம்க்கா." சர்ச்சுக்குப் பின்னால் நடந்த எழுத்து வகுப்புக்கு ஞாயிறு தவறாமல் போனாள்.

அடுத்த ஆயுத பூஜைப் போட்டியில் சாரதாமணி சிரித்துக்கொண்டே வந்து அவளிடம் ஒரு பேனாவை நீட்டினாள். நான் அதை வாங்கி என் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி எழுதியதில் நேரம் போய், கடிகாரம்தான் கிடைத்தது. அது இரண்டாம் பரிசு. ஆனால் முதல் பாட்டு ஓடுவதற்கு முன்பே, தாளின் மேல் 'சு. நாகஜோதி' என்று கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்து, தேதியும் எழுதியிருந்தாள்: 11.10.2005.