பூட்ஸுக்குள்ள இருந்த பேண்டேஜ் துணி

சர்ச் வாசல்ல ஒரு ஜோடி செருப்புகூட கெடக்கல. உள்ள ஆளே இல்ல போலன்னு எட்டிப் பாத்தா அம்பது பேரு, அம்புட்டு பேரும் பூட்ஸோட. ஜெர்மனில ரேகன்ஸ்பூர்க்னு பழைய ஊரு. கல்லுப் பாலம், கல்லுத் தெரு, எங்க பாத்தாலும் கல்லு. ம்யூனிக்ல இருந்து ஒரு நாள் சுத்திப் பாக்க கார்த்தியும் அவன் பொண்டாட்டி நித்யாவும் என்னையும் கூட்டியாந்தாங்க. கோயம்புத்தூர்ப் பிள்ளைக, கம்ப்யூட்டர் வேலை. நான் ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவன். அங்க சாப்பிட வந்து பழக்கம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருக்கவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நம்மூரு சர்ச்சுல பூசைக்குச் செருப்போட ஏறுனா உபதேசியாரு முறைச்சே கொன்னுருவாரு. இங்க வேண்டாம்னு மூளைக்குத் தெரியுது, கால் கேக்கல. பூட்ஸ வாசல் ஓரமா கழட்டி வச்சிட்டு, சாக்ஸோட போயி முட்டி போட்டேன்.

செத்த நேரத்துல சர்ச்சப் பாத்துக்கிடுற அம்மா என் பூட்ஸத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துட்டாங்க. பெஞ்சு பெஞ்சா காட்டிக் கேக்குறாங்க. பூட்ஸுக்குள்ள இருந்து வெள்ளைப் பேண்டேஜ் துணி அவுந்து முழம் முழமா தரையில இழுபடுது. ஊர்ல யாரோ குடுத்த பூட்ஸு, ஒரு சைஸு பெருசு. அதுக்குத் திணிச்ச துணி.

"உங்களுதுங்களாண்ணா?"ன்னான் கார்த்தி. நித்யா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

"நைன்"னேன், இல்லன்னு அர்த்தம். தெரிஞ்சதே மூணு ஜெர்மன் வார்த்தை, அதுல ஒண்ண இதுக்கா செலவழிப்பான் ஒருத்தன்?

"அப்ப உங்க ஷூ?"

"எவனோ களவாண்டுட்டான் தம்பி."

போலீசுக்குப் போவோம்னு நின்னவன அடக்குறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு. பாவம், மான் படம் போட்ட கம்பளிச் செருப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்தான். அதோட ஊரெல்லாம் சுத்துனேன்.

அந்தத் துணி எம் பொண்டாட்டி மேரி மடிச்சு வச்சது. அவளுக்குப் பேண்டேஜ் கம்பெனில வேலை. நான் கெளம்புன அன்னைக்கு ஷிப்டு முடிஞ்சு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியாந்தா, தலையெல்லாம் பஞ்சு. "ஏட்டி, தட்டிட்டு வரப்படாதா? ஆளுக பாக்குதுல்ல"ன்னேன். "நீங்க போற ஊர்ல பனி கொட்டுமாம்ல, இப்பவே பாத்துக்கிடுங்க"ன்னு சிரிச்சா. அவளத்தான் இங்க எல்லார்ட்டயும் நர்ஸுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ரயிலுக்குத் திரும்புற வழில அதே சர்ச்சு. கம்பிக் கேட்டு பூட்டியிருக்கு. உள்ள ஒரு மேசை மேல என் பூட்ஸு. பக்கத்துல துணிய அந்த அம்மா அழகா சுருட்டி வச்சிருக்காங்க. அந்நேரம் பாத்து மேரி வீடியோல வாரா. ஷிப்டு விட்ட நேரம்.

"ஏங்க, பூட்ஸுக்குள்ள நான் வச்ச பேண்டேஜ் துணி இருக்கா? கால் வலிக்கலயே?"

கார்த்தி கேட்டுக்குள்ள பாத்தான். பொறவு என்னப் பாத்தான். நித்யா மெதுவா போனுக்குள்ள தலைய நீட்டி, "நர்ஸ் அக்காங்களா?"ன்னு கேட்டா.

மேரி என்னயவே பாத்தா. தலையில பஞ்சு அப்படியே இருக்கு.

"ஆமா தாயி, நர்ஸுதான்"ன்னா மேரி.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா தேவலன்னு இருந்துச்சு. கம்பிக்குள்ள கைய விட்டேன், பூட்ஸு எட்டல. குனிஞ்சு பாத்தா, அந்த மான் செருப்பையும் எப்பவோ கழட்டி ஓரமா வச்சிருக்கேன். சாக்ஸோட ஜெர்மன் கல்லு மேல நிக்கேன். போன்ல மேரி இன்னும் பாத்துக்கிட்டே இருக்கா.