தொட்டிலில் வைத்த மாத்திரை

சித்தியவான் ஊரில் ஒரு முடிதிருத்தும் கடையில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி சொன்னாளாம். பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாளாம். அவள் சொல்லிக் குமுதாவுக்குத் தெரிந்ததாம். குமுதா சும்மா இருப்பாளா? ஈப்போவில் இருக்கும் தன் அம்மா முத்தம்மாவுக்கு உடனே போன் போட்டுவிட்டாள்.

"ம்மா, உங்க மருமக பிள்ளை வேணாம்னு கிளினிக்குல மாத்திர வாங்கித் தின்னுறாளாம். சாயங்காலமானா சிலுவார் மாட்டிக்கிட்டு பாடாங்கச் சுத்தி ஓட்டம் வேறயாம். பிள்ளை பெத்தா உடம்பு அழகு போயிரும்னு பயமாம்லா!"

மூன்று வாய் தாண்டி வந்த அந்தச் சேதியில் பாதி நிஜமாக இருந்ததுதான் மருமகள் தினேஸ்வரிக்கு வந்த வினை.

கால்சட்டையோடு திடலைச் சுற்றியது ஓட்டமில்லை, நடை. அழகுக்கும் இல்லை. ஆனால் மாத்திரை நிஜம்.

ஈப்போ டோபி கடை ஒன்றில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கர்ப்பம் தரித்தாள். முத்தம்மா மருமகளைத் தரையில் நடக்கவிடவில்லை. ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும் என்று சவ்வரிசிக் கஞ்சியும் ரோஸ் சிராப்பும் பாலுமாக ஊட்டினார். ஏழாம் மாதம் வளைகாப்பு. கையில் வளையல் குலுங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. தலையெழுத்து என்றார்கள், கண்ணேறு என்றார்கள், வளையல் போட்ட நேரம் சரியில்லை என்றார்கள். தினேஸ்வரி மட்டும் டாக்டரைப் பார்த்து, "எதனால டாக்டர்?" என்று கேட்டாள். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், என்றார் டாக்டர். அவளுக்கு அது இருந்தது அதுவரை யாருக்குமே தெரியாது.

வருடங்கள் ஓடி, மறுபடியும் பிள்ளை ஆசை வந்தபோது அவள் முதலில் போனது கிளினிக்குக்குத்தான். ரத்தத்தில் சீனி எக்கச்சக்கம். "முதல்ல இது இறங்கட்டும். அதுவரைக்கும் கர்ப்பம் வேண்டாம்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி, கர்ப்பம் தங்காமலிருக்க ஒரு மாத்திரை, இனிப்புநீருக்கு ஒன்று, பின்னால் வரப்போகும் பிள்ளைக்காக ஒரு சத்து மாத்திரை என்று கொடுத்தார். பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீர், பாதிச் சோறு, தினமும் வேக நடை. கணவன் ரூபனைச் சிகரெட்டை விடச் சொன்னார். அவன் வீட்டில் விட்டான், ஓட்டுகிற லாரியில் விடவில்லை.

"அம்மாகிட்ட மட்டும் இப்பச் சொல்லிடாத தினேஸ். நான் நேரம் பாத்துச் சொல்றேன்" என்றிருந்தான் ரூபன். பஞ்சாங்கக்காரன்கூட இத்தனை நாள் நேரம் பார்த்திருக்க மாட்டான். மாத்திரையை நிறுத்தவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் அவள் நடந்துகொண்டிருந்தாள். சீனி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் வாய்க்குப் பயந்து இப்போது விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அடுத்ததும் முதலாவதைப் போலவே போய்விடலாம்.

குமுதா போன் போட்டது தினேஸ்வரிக்கும் தெரியவந்தது, முத்தம்மாதான் மருமகளை நேரில் எதுவும் கேட்கவில்லை.

ஆடித் திருவிழா வந்தது. பத்து காஜா ஊர்ப் பக்கம் அவர்கள் குடும்பம் முன்பு இருந்த தோட்டத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தாயிற்று, தொழிலாளர் லயங்கள் இடிந்தாயிற்று. மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் வேப்பமரமும் மட்டும் நிற்கின்றன. திருவிழாவுக்குத் திசைக்கொருவராகப் போனவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். ரூபனுக்கு மட்டும் லுமுட்டு ஊருக்கு லாரி லோடு வந்துவிட்டது.

அன்னதானத்தில் பாதிச் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தினேஸ்வரி பைக்குள் கைவிட்டாள். மாத்திரைப் பொட்டலத்தைக் காணோம்.

"அத்தை, என் மருந்தப் பாத்தீங்களா?"

முத்தம்மா வேப்பமரத்தைப் பார்த்தார். பிள்ளை வேண்டிக் கட்டிய மஞ்சள் துணித் தொட்டில்கள் கிளையெல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. பிள்ளைக்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கல் இருக்கும்.

"நான் கல்லு வைக்கல. ஒன் மாத்திரைய வச்சுக் கட்டிட்டேன். பிள்ளை வேணாம்னு தின்னுறத ஆத்தாவே எடுத்துக்கட்டும்."

"அதுல இனிப்புநீர் மாத்திரையும் இருக்குத்தை!"

"எல்லாம் ஒரே கிளினிக்கு மாத்திரதானே."

கட்டிய தொட்டிலைப் பிள்ளை பிறக்கும் முன்னே அவிழ்க்கக் கூடாது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். தினேஸ்வரிக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"ஏம்மா ஏம்மா, எறங்கும்மா! குத்தமாயிரும்!" என்று பூசாரி ஐயாவு ஓடிவந்தார்.

"குத்தம் எனக்கே வரட்டும் பூசாரி. நீங்க நாற்காலிய மட்டும் கெட்டியாப் புடிங்க."

என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் ஐயாவு பிடித்துவிட்டார்.

"அழகுராணிப் போட்டிக்குப் போறா போல" என்றது பந்தலிலிருந்து ஒரு குரல்.

"ஆமாக்கா! போட்டோ புடிச்சு சித்தியவானுக்கு அனுப்புங்க. அங்கதான் என் சேதியெல்லாம் மொத போவுது."

பந்தலில் சிரிப்பு வெடித்தது. முத்தம்மா சிரிக்கவில்லை.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கி, கோயில் குழாயில் தண்ணீர் பிடித்து, இனிப்புநீர் மாத்திரையை எல்லார் கண்ணெதிரிலும் விழுங்கினாள். பிறகு குரலை இறக்காமலே பேசினாள்.

"ஆமா அத்தை. இப்பப் பிள்ளை வேணாம்னுதான் தின்னுறேன். என் சீனி எறங்கணும், அப்புறந்தான் பிள்ளை. போன தடவ ஏழு மாசம் சொமந்து துணியில சுத்தித்தான் கொண்டு வந்தோம். அடுத்தது அழுதுகிட்டு வரணும் எனக்கு."

"அப்ப நான் ஊட்டினதாலதான் போச்சுங்கிறியா?" என்றார் முத்தம்மா.

"இல்ல. அப்ப யாருக்கும் தெரியல, ஒங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தா அதுதான் குத்தம்."

குனிந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கினாள். அவிழ்ந்த மஞ்சள் துணியில் வைத்து, மறுபடி நாற்காலியில் ஏறி, தன் கையாலேயே இறுக்கிக் கட்டினாள். "தொட்டில் இருக்கட்டும். எனக்கும் ஆசதான்."

முத்தம்மா முடிச்சிலிருந்து மருமகளிடம் திரும்பினார்.

"என் மவனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"மொதல்லேர்ந்தே தெரியும்."

"பொய் சொல்லாதடி. எங்கிட்ட மறைக்கிறவன் இல்ல அவன்."

"நீங்களே கேளுங்க."

ரூபனின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கர் பொத்தானைத் தட்டி, போனை மாமியார் உள்ளங்கையில் வைத்தாள் தினேஸ்வரி. மணி போனது. பந்தலில் அப்பளம் நொறுக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"லாரி ஓட்டிக்கிட்டு இருப்பானா இருக்கும்" என்றார் முத்தம்மா, யாரிடம் என்றில்லாமல்.

"இருக்கும். எடுத்தா ஆமான்னு சொல்வாரு. எடுக்காட்டியும் நான் நடக்கறத நிறுத்த மாட்டேன்."

தான் வந்த மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்து நடைக்குப் போடும் சப்பாத்தை எடுத்து, சேலையோடேயே காலில் மாட்டி, கயிற்றைக் கட்டினாள். செம்பனைகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் இறங்கி வேகம் பிடித்தாள். பின்னால், முத்தம்மாவின் நீட்டிய கையில், மணி அடித்துக்கொண்டே இருந்தது.