அண்ணாவின் பங்கு

சுகாதாரப் பாடம் எடுக்கும் நேசமலர் டீச்சருக்கு எண்ணெயைக் கண்டால் ஆகாது. யுத்தம் நடந்த வடக்கில் சனம் ஒரு போத்தல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற தொண்ணூற்றேழாம் ஆண்டில், கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய வேலை. ரோல்ஸையும் வடையையும் கடதாசியில் வைத்து அமுக்கி, எண்ணெய் ஊறிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். பாதி பாடம், பாதி பகிடி. பிள்ளைகள் அவர் சொல்லைத் தட்டமாட்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள், முதல்நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதிவரச் சொன்னார். யோசெப்பினின் கொப்பியில் பகல் சாப்பாடு இரண்டு தரம் இருந்தது. இரண்டிலும் மீன் பொரியல், கிழங்குப் பொரியல்.

“இதென்ன பிள்ளை, ரெண்டு தரம்?”

“மற்றது அண்ணாவின்ட பங்கு, டீச்சர்.”

“அண்ணாவின்ட பங்கை அண்ணாவே சாப்பிடட்டும். நீ உன்ரயை மட்டும் சாப்பிடு.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. யோசெப்பின் சிரிக்கவில்லை, சரியென்று தலையாட்டினாள்.

அடுத்த கிழமை, “அம்மா உங்களை வீட்டுக்கு வரட்டாம்” என்றாள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு டீச்சர் பின்னேரம் போனார்.

ஒற்றை அறை. சுவரில் ஓர் இளைஞனின் இஸ்திரி போட்ட சேட் தொங்கியது. மேசையில் சோற்றுக் கோப்பை ஒன்று, இன்னொரு கோப்பையால் மூடியிருந்தது. தாய் றோஸி தையல் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“மூத்தவன் கிளெமென்றை ஆமி சுற்றிவளைப்பில கொண்டுபோய் ரெண்டு வருசம், டீச்சர். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை. ஒரு காம்பிலயும் பேர் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் விடிய அவன்ர பங்கையும் சமைச்சு மூடி வைச்சிட்டுத்தான் வேலைக்குப் போறனான். திரும்பி வரேக்க கோப்பை கழுவிக் கவிட்டிருக்கும். அவன் வந்து சாப்பிட்டிட்டுப் போனமாதிரி இருக்கும்.”

“அது யோசெப்பின்...”

“எனக்குத் தெரியாதே? நான் கேக்கேல்லை, அவளும் சொல்லேல்லை. இப்ப நீங்கள் சொன்னபடி நடக்கிறாள். நல்லதுதான், ரெண்டு பங்கும் சாப்பிட்டு உடம்பு வைச்சிட்டாள். ஆனா அஞ்சு நாளா அவன்ர சோத்தை நான்தான் கொட்டுறன், டீச்சர். என்ர கையால கொட்டுறன்.”

வகுப்பின் அந்தச் சிரிப்பு இப்போது டீச்சரின் காதுக்குள் கேட்டது. தன் நாக்கையே அறுத்தெறியலாம் போலிருந்தது.

“கை எங்க கழுவுறது?” என்று கேட்டார்.

மேசையில் மூடியிருந்த சோற்றைத் திறந்து, உட்கார்ந்து சாப்பிட்டார். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. எண்ணெய் விரலெல்லாம் ஒட்டியது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

“நாளைக்கும் வாறன். பொரிக்காமல் குழம்பு வையுங்கோவன்.”

“அவனுக்குப் பொரியல்தான் விருப்பம், டீச்சர்.”

மறுநாளும் நேசமலர் டீச்சர் வந்தார். பொரியல்தான் இருந்தது. சாப்பிட்டார்.