தடிகளை எண்ணிய நாள்

அந்தப் படிவம் நீல நிறம். ‘கண்டல் காடு மீளமைப்பு: தர நியமங்கள்’ என்று தலைப்பு. எங்கள் திணைக்களத்துக்காக அதைத் தயாரித்தவள் நான். முதல் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கடனீரேரிக் கரையில் நின்றபோது இருந்த பெருமையை நினைத்தால், இன்றும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

நாங்கள் கன்று நடத் தெரிந்தெடுத்த சேற்றுவெளியைப் பார்த்ததுமே மீனவர் சங்கத் தலைவர் தலையை ஆட்டினார். குருநகரில் பிறந்து, அந்தத் தண்ணீரிலேயே அறுபது வயதைக் கடந்தவர். “பிள்ளை, உது இறால் மேயிற இடம். உதிலை கண்டல் ஒருநாளும் நிண்டதில்லை. அங்காலை றோட்டுப் போடேக்கை மூடின வாய்க்காலைத் திறந்து விடுங்கோ. தண்ணி ஓடினால் கண்டல் தானா வரும்” என்றார். நான் படித்த புத்தகங்களிலும் அதுதான் இருந்தது. நடும் முன் நீரோட்டத்தைச் சீர்செய்ய வேண்டும், மூன்று மாரி கழிந்த பிறகே உயிரோடு நிற்பவற்றை எண்ண வேண்டும் என்று இரண்டு விதிகளைச் சேர்த்தேன்.

எங்கள் திணைக்களப் பணிப்பாளர் இரண்டையும் சிவப்புப் பேனையால் வெட்டினார். “மூண்டு மாரிக்குப் பிறகு நான் இந்தக் கதிரையிலை இருப்பனோ ஆருக்குத் தெரியும்? ஆறு மாசம் எண்டு போடும்.” போட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை. தலைவரிடமும் நானே போய், எல்லாம் சரிவரும் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

கன்றுகள் சாயாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு தடி. காட்டை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வன்னிக் காட்டில் வெட்டிய தடிகளை லொறி லொறியாக இறக்கினோம். ஒருவருக்கும் வெட்கமில்லை. ஆறாம் மாதம் எண்ணப் போனபோது மாரித் தண்ணீர் இடுப்பளவு. கன்று எதுவும் கண்ணில் படவில்லை. தடிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. தோணியை விட்டு யாரும் இறங்கவில்லை. “தடி நிண்டால் கன்றும் நிக்கும். எண்ணும்” என்றார் பணிப்பாளர். தடிகளை எண்ணி, கன்றுகள் என்று எழுதினேன். சிறந்த திட்டம் என்று எங்களுக்குக் கேடயம்கூடக் கிடைத்தது. தண்ணீர் வற்றியபோது ஒரு கன்றும் உயிரோடில்லை.

இப்போது அந்தப் படிவத்தையே மற்ற மாவட்டங்களுக்கும் பொது நியமம் ஆக்கப் போகிறார்களாம். நல்லூரில் ஒரு மண்டபத்தில் நாளைக்குக் கூட்டம். அழைப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

சேற்றுக்குள் முறிந்து கிடந்த தடிகள் முதலில் அவருடைய வலையைக் கிழித்தன. பிறகு காலைக் கிழித்தன. நீரிழிவுக்காரர், புண் ஆறவில்லை. வலது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இனிக் கடலில் இறங்க முடியாது. அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“பிள்ளை, உந்தத் தடியளை ஆர் புடுங்கிறது எண்டு உங்கடை படிவத்திலை எங்கையாவது கிடக்கோ?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை ஐயா. நான் எழுதேல்லை.”

அவர் கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி நிலத்தில் வைத்தார்.

“அப்ப நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. காலைக் காட்டுறன்.”